இத்தாலியில் யூடியூப், இன்ஸ்டாகிராம் வருமானமும் வரியும்: பிள்ளைகள் அடிக்கடி கேட்கிற கேள்விகள்

பலெர்மோவில் ஒரு கொமெர்ச்சாலிஸ்தா, அதாவது கணக்காளர் அலுவலகத்தில் ஒன்பது வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். முன்பெல்லாம் தமிழ் ஆட்கள் என்னிடம் கேட்டது பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதியும் 730 என்ற வரிக் கணக்குப் படிவமும்தான். இப்போது இங்கேயே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் வீடியோ எடுத்து உழைக்கிறார்கள். கோயில் வாசலில், கலியாண மண்டபத்தில், வாட்ஸாப்பில் என்று எங்கே பார்த்தாலும் இதே கேள்விகள்தான் வருகின்றன. ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொல்வதைவிட எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். வீதங்களும் தொகைகளும் 2025ஆம் வருடத்துக்கானவை.

"அக்கா, யூடியூப்பில மாசம் அறுபது எழுபது யூரோதான் வருது. இதுக்கும் கணக்குக் காட்டோணுமோ?"

ஓம். காசு சின்னதோ பெரியதோ, வருமானம் வருமானம்தான். தொகை குறைவாக இருந்தால் கடைசியில் கட்ட வேண்டிய வரி ஒன்றுமில்லாமலும் போகலாம். ஆனால் வரி இல்லை என்பது வேறு, கணக்கே இல்லை என்பது வேறு.

இதில் சட்டம் பார்ப்பது தொகையை அல்ல, வழக்கத்தை. விளம்பரத்தைத் திறந்து விட்ட சேனல் நீங்கள் தூங்கும்போதும் உழைக்கிறது. வாரா வாரம் வீடியோ போடுகிறீர்கள், மாதா மாதம் காசு வருகிறது என்றால், அதைத் "தற்செயலாக ஒருமுறை செய்தேன்" என்று சொல்ல முடியாது. தொடர்ந்து செய்யும் தொழில் என்று ஆகிவிட்டால் பார்த்தித்தா ஈவா, அதாவது சுயதொழில் வரி எண் வேண்டும்.

"வருசத்துக்கு ஐயாயிரம் யூரோவுக்குக் கீழ எண்டால் பார்த்தித்தா ஈவா தேவையில்லை எண்டு எல்லாரும் சொல்லுகினம். சரிதானே?"

பிழை. நான் அதிகம் கேட்கிற பிழையும் இதுதான், பிள்ளைகளை அதிகம் மாட்டி விடுகிறதும் இதுதான். 5,000 யூரோ என்ற எண் எங்கிருந்து வந்தது என்று சொல்கிறேன். எப்போதாவது ஒருமுறை செய்யும் வேலையை இங்கே ப்ரெஸ்தாசியோனே ஒக்காசியொனாலே என்பார்கள். அப்படிப்பட்ட வேலைகளில் வருடத்துக்கு 5,000 யூரோவுக்கு மேல் வந்தால், மேலதிகத் தொகைக்கு இன்ப்ஸ், அதாவது ஓய்வூதியக் காப்புப் பணம் பிடிக்க வேண்டும். மூன்றில் ஒரு பங்கு உங்களுடையது, இரண்டு பங்கு வேலை தந்தவருடையது. அந்த எல்லை சொல்வது அவ்வளவுதான். பார்த்தித்தா ஈவாவுக்கும் அதற்கும் தொடர்பில்லை.

ஆகவே வருடத்துக்கு 900 யூரோ வந்தாலும், தொடர்ந்து செய்கிறீர்கள் என்றால் திறக்க வேண்டும். ஒரே ஒரு வேலைக்கு 4,000 வந்து அதோடு முடிந்தால் திறக்க வேண்டியதில்லை.

"ஒருக்கா மட்டும் ஒரு சாப்பாட்டுக் கடைக்கு ரீல் செய்து குடுத்தன். அதுக்கு என்ன செய்யிறது?"

அதுதான் உண்மையான ஒக்காசியொனாலே. 300 யூரோ பேசினீர்கள் என்று வையுங்கள். நீங்கள் ஒரு ரசீது எழுதிக் கொடுக்க வேண்டும். தொகை 77.47 யூரோவைத் தாண்டினால் 2 யூரோ மார்க்கா தா போல்லோ என்ற வரி முத்திரை ஒட்ட வேண்டும். கடைக்காரர் 20 சதவீதம் ரிதெனூத்தா என்ற முன்வரி பிடித்துக்கொண்டு உங்களுக்கு 240 தருவார். 60 யூரோவை உங்கள் பெயரில் அரசுக்குக் கட்டுவார்.

அடுத்த வருடம் அவர் உங்களுக்கு ஒரு சேர்த்திஃபிகாசியோனே ஊனிக்கா, அதாவது தந்த காசையும் பிடித்த வரியையும் காட்டும் சான்றிதழ் தர வேண்டும். அதைக் கேட்டு வாங்குங்கள். வேறு வருமானமே இல்லாத பிள்ளை என்றால், கணக்குக் காட்டினால் அந்த 60 யூரோ திரும்பி வரும். பலர் இதைத் தெரியாமல் விட்டுவிடுகிறார்கள்.

"எங்கட பெர்மெஸ்ஸோவோட பார்த்தித்தா ஈவா திறக்கேலுமோ? எவ்வளவு காசு?"

வேலை பெர்மெஸ்ஸோவிலும் குடும்ப பெர்மெஸ்ஸோவிலும் சுயதொழில் செய்யலாம். "லவோரோ சுபொர்தினாத்தோ" (சம்பள வேலை) என்று எழுதியிருந்தாலும் முடியும். இத்தாலியக் குடியுரிமை எடுத்த பிள்ளைகளுக்கு இந்தக் கேள்வியே இல்லை.

திறப்பது இலவசம். வரி அலுவலகமான அஜென்சியா தெல்லே எந்த்ராத்தேக்கு ஏஏ9/12 என்ற படிவத்தைக் கொடுக்க வேண்டும். தொழில் தொடங்கி 30 நாளுக்குள் கொடுத்தால் 11 இலக்க எண் கிடைக்கும். படிவத்தில் என்ன தொழில் என்று அத்தேக்கோ குறியீட்டால் சொல்ல வேண்டும். 2025இலிருந்து இந்த வீடியோ வேலைக்கென்றே 73.11.03 என்ற குறியீடு வந்திருக்கிறது. அதற்கு முன் திறந்தவர்கள் பலர் 73.11.02 என்ற விளம்பரக் குறியீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

காசு போவது கொமெர்ச்சாலிஸ்தாவுக்குத்தான், வருடத்துக்குச் சில நூறு யூரோ. முதல் இரண்டு வருடமாவது ஒருவரை வைத்துக்கொள்ளுங்கள். நான் அந்த வேலையில் இருப்பதால் சொல்லவில்லை. கீழே இன்ப்ஸ் பற்றிய பதிலைப் படித்தால் ஏனென்று விளங்கும்.

"ஃபோர்ஃபெத்தாரியோ, ஃபோர்ஃபெத்தாரியோ எண்டு சொல்லுறியள். அது என்ன? கடைசியில எவ்வளவு கட்டுறது?"

ரெஜீமே ஃபோர்ஃபெத்தாரியோ என்பது சிறிய தொழில் செய்பவர்களுக்கான இலகுவான வரிமுறை. 2015இல் வந்தது. வருடத்துக்கு 85,000 யூரோவுக்குள் வருமானம் உள்ளவர்கள் இதில் இருக்கலாம். வாடிக்கையாளரிடம் ஈவா, அதாவது விற்பனை வரி (VAT) வாங்க வேண்டியதில்லை. சாதாரண வருமான வரியான இர்பெஃப் இல்லை. அதற்குப் பதிலாக ஒரே வரி, 15 சதவீதம். புதிதாகத் தொழில் தொடங்குபவருக்கு முதல் ஐந்து வருடம் 5 சதவீதம். இந்த 5 சதவீதம் கிடைக்க, முந்தைய மூன்று வருடத்தில் நீங்கள் சுயதொழில் செய்திருக்கக் கூடாது. முன்பு சம்பளத்துக்குச் செய்த அதே வேலையின் தொடர்ச்சியாகவும் இருக்கக் கூடாது.

ஒரு கணக்குப் போடுவோம். வருடத்தில் கைக்கு வந்தது 20,000 யூரோ. நம் குறியீட்டுக்கு அதில் 78 சதவீதத்தை இலாபமாக எடுப்பார்கள், அதாவது 15,600. மிச்சம் 22 சதவீதம் உங்கள் செலவு என்று அரசே முடிவு கட்டிவிட்டது. 15,600க்கு 5 சதவீதம் 780 யூரோ வரி. அதே 15,600க்கு 26.07 சதவீதம் இன்ப்ஸ், அது 4,066.92 யூரோ. இரண்டும் சேர்ந்து 4,846.92.

பிள்ளைகள் "எனக்கு ஐந்து சதவீதம்தான் வரி" என்று சந்தோஷமாகச் சொல்லும்போது நான் இந்தக் கணக்கைத்தான் போட்டுக் காட்டுவேன். வரி ஐந்து சதவீதம்தான். ஆனால் கையிலிருந்து போவது வந்த காசில் கிட்டத்தட்ட கால்வாசி. ஐந்து வருடம் முடிந்து 15 சதவீதமானால் மூன்றில் ஒரு பங்கை நெருங்கும். இரண்டாம் வருடத்திலிருந்து, அந்த வருடம் கட்டிய இன்ப்ஸை இலாபத்திலிருந்து கழித்துவிட்டு மிச்சத்துக்குத்தான் வரி. அது கொஞ்சம் ஆறுதல்.

"கமரா, லைட், மைக் எல்லாம் சேர்த்து 2,400 யூரோ போச்சு. அதைக் கழிக்கேலாதோ?"

ஃபோர்ஃபெத்தாரியோவில் கழிக்க முடியாது. மேலே சொன்ன 22 சதவீதத்துக்குள் எல்லாச் செலவும் அடங்கிவிட்டது என்பதுதான் விதி. ஒரு யூரோகூடச் செலவு செய்யாதவருக்கும் அதே 22, கமராவுக்குக் கொட்டியவருக்கும் அதே 22. சாதாரண முறையில் இருப்பவர் ஈவாவைத் திரும்ப எடுக்கலாம். 516.46 யூரோவுக்குள் உள்ள பொருளை அதே வருடம் முழுதாகவும், அதற்கு மேற்பட்டதை வருடக்கணக்கில் பிரித்தும் கழிக்கலாம். ஆனால் அங்கே வரி வீதம் 23இலிருந்து தொடங்குகிறது. பயணம், ஸ்டூடியோ, எடிட்டர் சம்பளம் என்று வருமானத்தில் பாதி செலவாகிறவருக்கு அது சரிவரலாம். அறைக்குள் இருந்து ஃபோனில் எடுக்கிறவருக்குச் சரிவராது.

"இன்ப்ஸ் காசு ஏன் இவ்வளவு? நான் ஒருத்தன்தானே, கட்டாமல் விட்டால் என்ன?"

விட முடியாது. அது வரியல்ல, உங்கள் ஓய்வூதியம். சம்பளத்துக்குப் போகிறவருக்கு முதலாளி பெரும்பங்கைக் கட்டுகிறார், அதனால் அவர் கண்ணில் படுவதில்லை. நம் அம்மா அப்பாமார் எத்தனை வருடம் வீட்டு வேலையிலும் சமையற்கட்டிலும் பதிவில்லாமல் உழைத்துவிட்டு, இன்று ஓய்வூதியத்துக்கு வருடக் கணக்குப் போதாமல் நிற்கிறார்கள் என்று பாருங்கள். பிள்ளைகளும் அப்படி ஆகக் கூடாது என்பதுதான் என் ஆசை. இன்ப்ஸ் கட்டுபவருக்குப் பிரசவ உதவி உண்டு. மூன்று வருடமாவது தொழில் செய்த பிறகு வருமானம் சட்டென்று விழுந்தால், நிபந்தனைகளுக்குட்பட்டு ஆறு மாதம் வரை இஸ்க்ரோ என்ற உதவித்தொகையும் உண்டு.

சரி, எந்தப் பிரிவில் கட்டுவது? 2025 பெப்ரவரியில் இன்ப்ஸ் 44ஆம் இலக்கச் சுற்றறிக்கையில் நம் தொழிலைப் பற்றி விளக்கமாகச் சொல்லியிருக்கிறது. நீங்களே யோசித்து, நீங்களே பேசி, உங்கள் உழைப்பால் செய்கிற வேலை என்றால் ஜெஸ்தியோனே செபராத்தா என்ற தனிப் பிரிவு. அதில்தான் மேலே சொன்ன 26.07 சதவீதம். வருமானம் இல்லாத வருடம் ஒன்றும் கட்ட வேண்டாம். ஆட்களும் சாதனங்களும் முதலீடும் வைத்து ஒரு வியாபார நிறுவனம்போல் நடத்தினால் வியாபாரிகளின் பிரிவு. அங்கே வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு 4,549.70 யூரோ, நான்கு தவணையில். ஃபோர்ஃபெத்தாரியோக்காரர் கேட்டால் 35 சதவீதம் குறைப்பார்கள். மூன்றாவது, பாட்டு, நடிப்பு என்று கலைஞராகச் செய்பவருக்குக் கலைத்துறைத் தொழிலாளர் நிதி.

இந்த இடத்தில்தான் கொமெர்ச்சாலிஸ்தா தேவை. பிழையான பிரிவில் பதிந்து, வருமானமே இல்லாத வருடத்தில் நாலாயிரத்துச் சொச்சம் கட்டிய ஒரு தங்கச்சியை எனக்குத் தெரியும். இன்னொன்றையும் கவனியுங்கள். ஒரு முழு வருடம் ஓய்வூதியக் கணக்கில் ஏற, செபராத்தாவில் 18,555 யூரோ இலாபத்துக்கு இன்ப்ஸ் கட்டியிருக்க வேண்டும். நம் உதாரணத்தில் 15,600தான், ஆகவே பத்து மாதம்தான் ஏறும்.

"முதல் வருசம் ஒண்டும் கேக்கேல்லை. இரண்டாம் வருசம் ஜூனில ஏழாயிரம் கட்டச் சொல்லுகினம். ஆரோ பிழை விட்டுட்டினமோ?"

யாரும் பிழை விடவில்லை. நான் இந்தப் பக்கத்தை எழுதத் தொடங்கியதே இந்தக் கேள்வியால்தான். வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படியுங்கள்.

இத்தாலியில் ஒரு வருடத்து வரியை அடுத்த வருடம் ஜூன் 30க்குள் கட்டுகிறோம். அதற்கு சால்தோ என்று பெயர். அதோடு நிற்பதில்லை. நடந்துகொண்டிருக்கும் வருடத்திலும் நீங்கள் அதே அளவு உழைப்பீர்கள் என்று வைத்து, அந்த வரியையும் முன்கூட்டியே இரண்டாகப் பிரித்துக் கேட்பார்கள். அது அக்கோந்தோ. பாதி ஜூனில், பாதி நவம்பர் 30க்குள். இன்ப்ஸுக்கு இந்த முன்பணம் 80 சதவீதம், நாற்பது நாற்பதாக.

நம் 20,000 யூரோக் கணக்கையே எடுங்கள். முதல் வருடம் முழுக்க எதுவும் கட்டவில்லை. இரண்டாம் வருடம் ஜூனில் சால்தோவாக இன்ப்ஸ் 4,066.92, வரி 780. அக்கோந்தோவாக இன்ப்ஸ் 1,626.77, வரி 390. கூட்டினால் 6,863.69. நவம்பரில் இன்னொரு 2,016.77. ஒரே வருடத்தில் மொத்தம் 8,880.46 யூரோ. முதல் வருடக் காசில் புது ஃபோன், மோட்டார் சைக்கிள், ஊருக்குப் போகிற டிக்கெட் என்று செலவு செய்துவிட்ட பிள்ளைக்கு அந்த ஜூன் மாதம் எப்படி இருக்கும்? என் முன்னால் உட்கார்ந்து அழுத பிள்ளைகள் இருக்கிறார்கள். நல்ல பிள்ளைகள், நேர்மையாகத் திறந்தவர்கள், யாரும் சொல்லிக் கொடுக்காதவர்கள்.

கட்ட முடியாவிட்டால் ஓடி ஒளிய வேண்டாம். ஜூனில் கட்டுவதை மாதத் தவணையாகப் பிரிக்கலாம், சின்ன வட்டிதான். இந்த வருடம் வருமானம் உண்மையிலேயே குறைந்துவிட்டது என்றால் அக்கோந்தோவைக் குறைத்தும் கட்டலாம். ஆனால் அளவுக்கு மீறிக் குறைத்தால் பிறகு தண்டம் வரும். மூன்றாம் வருடத்திலிருந்து, ஏற்கெனவே கட்டிய அக்கோந்தோ கழிவதால் மூச்சு விடலாம்.

"அப்ப ஒவ்வொரு மாசமும் எவ்வளவு ஒதுக்கி வைக்கிறது?"

5 சதவீத வரியில் இருப்பவர் வந்த காசில் 30, 15 சதவீதத்தில் இருப்பவர் 35. வேறு ஒரு கணக்கு திறந்து, காசு வந்த அன்றே அங்கே தள்ளிவிடுங்கள். மாதக் கடைசியில் மிஞ்சியதைப் போடலாம் என்றால் மிஞ்சாது. அந்தக் கணக்கின் அட்டையை வீட்டில் அம்மாவிடம் கொடுத்து வைத்திருக்கிற ஒரு தம்பி இருக்கிறான். அவனுக்கு ஒரு ஜூனிலும் பிரச்சினை வந்ததில்லை.

"கூகுள் காசு அனுப்புது, ஆனால் பில் கேக்கேல்லை. நான் ஃபத்தூரா போடோணுமோ?"

போட வேண்டும். 2024 ஜனவரி முதல் ஃபோர்ஃபெத்தாரியோக்காரர் எல்லோரும் மின்னணு ஃபத்தூரா, அதாவது மின்னணு பில்தான் போட வேண்டும். அஜென்சியாவின் இணையதளத்திலேயே ஸ்பிட் என்ற டிஜிட்டல் அடையாளத்தைப் போட்டு உள்ளே போய் இலவசமாக எழுதலாம். யூடியூப் விளம்பரக் காசு அயர்லாந்தில் இருக்கும் கூகுள் நிறுவனத்திலிருந்து வருகிறது. வெளிநாட்டு வாடிக்கையாளருக்குப் பெறுநர் குறியீடாக ஏழு எக்ஸ் எழுத்துகளைப் போடுவார்கள். ஈவா இந்த நாட்டில் விழாது என்பதற்கு "ஆர்ட். 7-தெர்" என்ற குறிப்பு வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் நிறுவனங்களோடு கொடுக்கல் வாங்கல் என்பதால் வியெஸ் என்ற ஐரோப்பிய ஈவா எண் பட்டியலில் உங்கள் எண் இருக்க வேண்டும். பார்த்தித்தா ஈவா திறக்கும்போதே அதைக் கேட்டுவிடுங்கள். இத்தாலிய வாடிக்கையாளருக்கு எழுதும் ஃபத்தூராவில், நீங்கள் ஃபோர்ஃபெத்தாரியோ என்பதால் ரிதெனூத்தா பிடிக்க வேண்டாம் என்ற வரியைச் சேருங்கள். மேலே ரீல் கதையில் சொன்ன 20 சதவீதப் பிடித்தம் உங்களுக்கு இனி இல்லை. 77.47க்கு மேல் 2 யூரோ போல்லோ மட்டும் தொடரும்.

"டிசம்பர் மாசத்து யூடியூப் காசு ஜனவரியிலதான் வந்தது. எந்த வருசக் கணக்கு?"

காசு கைக்கு வந்த வருடத்துக் கணக்கு. எப்போது உழைத்தீர்கள் என்பது முக்கியமில்லை. ஃபத்தூரா போட்டும் காசு தராத வாடிக்கையாளர் இருந்தால், வராத காசுக்கு வரியும் இல்லை.

"எனக்கு ஈவா இல்லைத்தானே, பிறகு ஏன் எடிட்டிங் சொஃப்ட்வெயருக்கு ஈவா கட்டச் சொல்லுறியள்?"

இது பலருக்கும் புதிதாக இருக்கும். ஃபோர்ஃபெத்தாரியோவில் நீங்கள் ஈவா வாங்குவதில்லை. ஆனால் வெளிநாட்டு நிறுவனத்திடம் சேவை வாங்கும்போது, அவர்கள் ஈவா இல்லாமல் பில் போட்டால், இத்தாலிய ஈவாவான 22 சதவீதத்தை நீங்களே இத்தாலிக்குக் கட்ட வேண்டும். மாதம் 30 யூரோ சொஃப்ட்வெயர் என்றால் 6.60. இன்ஸ்டாகிராமில் 200 யூரோவுக்கு விளம்பரம் போட்டால் 44. எஃப்24 என்ற வரி கட்டும் படிவத்தில் உரிய தவணைக்குள் கட்டி, டிடி17 என்ற வகை ஆவணத்தையும் அனுப்ப வேண்டும். இதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. தொகை சின்னது என்பதால்தான் மறந்துபோகிறது, மறந்தது சேர்ந்து தண்டமாக வருகிறது.

"அமெரிக்கா வரிப் படிவம் நிரப்பச் சொல்லி யூடியூப் கேக்குது. நான் இருக்கிறது சிசிலியில. ஏன்?"

2021 ஜூனிலிருந்து, அமெரிக்காவில் இருந்து பார்ப்பவர்களால் வரும் வருமானத்தில் யூடியூப் அந்த நாட்டு வரியைப் பிடிக்கிறது. டொராண்டோவில் மாமா பார்த்தால், ஒஸ்லோவில் சித்தி பார்த்தால் பிடித்தம் இல்லை. நியூ ஜெர்சியில் பார்த்தால் உண்டு. படிவம் நிரப்பாவிட்டால் உலகம் முழுவதிலிருந்தும் வரும் மொத்த வருமானத்தில் 24 சதவீதம் வரை பிடித்துவிடலாம். டபிள்யூ-8பென் படிவத்தில் உங்கள் கோதிச்சே ஃபிஸ்காலே என்ற தனிநபர் வரி எண்ணைப் போட்டு, இத்தாலி–அமெரிக்க ஒப்பந்தத்தைக் காட்டினால், இப்படியான உரிமப் பணத்துக்குப் பிடித்தம் அதிகபட்சம் 8 சதவீதம். பத்து நிமிட வேலை. இன்றே செய்யுங்கள்.

"ஒரு கடை எனக்கு 500 யூரோ ஃபோன் சும்மா அனுப்பினது. காசு வரேல்லை. அதுக்கும் வரியோ?"

"சும்மா" என்ற சொல்லைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். எந்தப் பேச்சும் இல்லாமல், வீடியோ போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லாமல் அனுப்பினால் அது பரிசு. "ஃபோனை வைத்துக்கொள், இரண்டு ரீல் போடு" என்று எழுதியிருந்தால் அது கூலி, காசுக்குப் பதில் பொருள். அதன் சந்தை விலைக்கு ஃபத்தூரா போட்டு வருமானத்தில் சேர்க்க வேண்டும். ஹோட்டல் அறைக்கும் சாப்பாட்டுக்கும் இதே விதிதான்.

வரியைக் கட்டக் காசு வராது, பொருள்தான் வரும் என்பதையும் யோசியுங்கள். மாதத்தில் பத்துப் பொருள் வாங்கி வீடியோ போடுகிறவர், காசைப் பார்க்காமலே பெரிய வரிக்கு ஆளாகலாம். அதனால் பொருளோடு கொஞ்சம் காசும் கேளுங்கள். கேட்டால் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

"நான் சுப்பர்மார்க்கெட்டில வேலை செய்யிறன். யூடியூப் பக்கத்தால. இரண்டும் சேர்ந்து வரி கூடுமோ?"

கூடாது. சம்பளத்துக்குத் தனியாக இர்பெஃப், யூடியூப் வருமானத்துக்குத் தனியாக 5 அல்லது 15. இன்ப்ஸ் வீதமும் 26.07க்குப் பதில் 24. முந்தைய வருடச் சம்பளம் 35,000 யூரோவைத் தாண்டியிருந்தால் மட்டும் ஃபோர்ஃபெத்தாரியோவுக்குள் வர முடியாது, அந்த வேலை முடிந்துபோயிருந்தால் பரவாயில்லை. உங்கள் முதலாளிக்கே வீடியோ செய்து பெரும்பகுதி ஃபத்தூராவை அவர் பெயரில் எழுதுவதும் ஆகாது.

"நாஸ்பி எடுத்துக்கொண்டு இருக்கிறன். இப்ப சேனல் தொடங்கலாமோ?"

தொடங்கலாம். ஆனால் தொடங்கி ஒரு மாதத்துக்குள், வருடத்துக்கு எவ்வளவு வரும் என்று மதிப்பிட்டு இன்ப்ஸுக்குச் சொல்ல வேண்டும். 5,500 யூரோவுக்குள் என்றால் நாஸ்பி, அதாவது வேலையிழந்தோர் உதவித்தொகை தொடரும், மதிப்பிட்ட வருமானத்தின் 80 சதவீதத்தைக் குறைத்துத் தருவார்கள். சொல்லாமல் விட்டால் முழு உதவியும் போகும், வாங்கியதையும் திருப்பிக் கேட்பார்கள்.

"அப்பாவின்ட 730இல நான் இருக்கிறன். எனக்கு வருமானம் வந்தால் அப்பாவுக்குப் பாதிப்போ?"

வரலாம். 24 வயது வரை வருடத்துக்கு 4,000 யூரோ, அதற்கு மேல் 2,840.51 யூரோ வருமானத்தைத் தாண்டினால் நீங்கள் அப்பாவின் பொறுப்பில் உள்ளவர் இல்லை. ஃபோர்ஃபெத்தாரியோ வருமானமும் இதில் சேரும், அந்த 78 சதவீதக் கணக்குப்படி. அப்பா உங்கள் பல்கலைக்கழகக் கட்டணத்தையும் மருந்துச் செலவையும் கழித்திருந்தால் அந்தச் சலுகை போய்விடும். இசே என்ற குடும்ப வருமானக் கணக்கீட்டிலும் உங்கள் வருமானம் ஏறும்.

இதை வீட்டில் வாய் திறந்து பேசுங்கள். மகன் யூடியூப்பில் உழைப்பது தெரியாமல் அப்பா காஃப் என்ற வரிக் கணக்கு உதவி அலுவலகத்தில் பழையபடி கையெழுத்துப் போட்டு, இரண்டு வருடம் கழித்துக் கடிதம் வந்த வீடுகள் உண்டு.

"மூண்டு வருசமா ஒண்டும் காட்டேல்லை. அவைக்கு எப்பிடித் தெரியப் போகுது? இப்ப போய்ச் சொன்னால் பிடிச்சிடுவினமோ?"

தெரிய வரும். உங்கள் வங்கிக் கணக்குகளின் விவரம் வரி அலுவலகத்துக்கு வருடா வருடம் போகிறது. 2024இல் போலோஞ்ஞாவில் குவார்தியா தி ஃபினான்சா என்ற நிதிப் பொலிஸ் இன்ஃப்ளூயன்சர்களையும் டிஜிட்டல் கலைஞர்களையும் சோதித்து, 1 கோடியே 10 லட்சம் யூரோ மறைத்த வருமானத்தைக் கண்டுபிடித்தது. அவர்கள் தொடங்கியது எல்லோருக்கும் தெரிகிற பக்கங்களில் இருந்துதான். நீங்கள் என்ன விளம்பரம் செய்தீர்கள் என்பதை நீங்களே திகதியோடு போட்டு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? கணக்கே கொடுக்காதவரை ஏழாம் வருட முடிவு வரை தேடலாம். தண்டம் கட்ட வேண்டிய வரியின் 120 சதவீதம்.

தாமாகப் போய்ச் சொல்பவருக்கு நிலைமை வேறு. ஒக்டோபர் 31 என்ற கடைசித் திகதி தாண்டி 90 நாளுக்குள் என்றால், சின்னத் தண்டத்தோடு கணக்கு செல்லும். அந்த 90 நாளும் தாண்டிவிட்ட பழைய வருடங்களுக்கும், அவர்கள் சோதனை தொடங்குவதற்கு முன் நீங்கள் முந்திக்கொண்டால் தண்டம் குறையும். பயத்தால் தள்ளிப் போடாதீர்கள். மூன்று வருட வங்கி விவரத்தை எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு கொமெர்ச்சாலிஸ்தாவிடம் போங்கள். அங்கே யாரும் திட்ட மாட்டார்கள்.

"85,000 தாண்டினால் என்ன நடக்கும்?"

85,000க்கும் 100,000க்கும் இடையில் என்றால் அந்த வருடம் அப்படியே ஓடும், அடுத்த ஜனவரியிலிருந்து சாதாரண முறை. 100,000 தாண்டினால் அந்த நிமிடமே வெளியே. தாண்ட வைத்த ஃபத்தூராவிலிருந்தே ஈவா போட வேண்டும், அந்த வருடம் முழுவதற்கும் இர்பெஃப். 2025இல் அது 28,000 வரை 23, 50,000 வரை 35, அதற்கு மேல் 43 சதவீதம்.

வருட நடுவில் திறந்தவர்களுக்கு ஒரு பொறி இருக்கிறது. 85,000 என்பது முழு வருடத்துக்கு. ஒக்டோபர் 1 திறந்தவருக்கு 92 நாளுக்கு உரிய பங்குதான், அதாவது 21,424 யூரோ. ஒரு பெரிய விளம்பர ஒப்பந்தம் கையில் இருக்கும்போது வருடக் கடைசியில் அவசரப்பட்டுத் திறந்தால் இதில் விழுவீர்கள். அந்தக் காசை ஜனவரியில் தரச் சொல்லிக் கேட்கலாம். கைக்கு வந்த வருடம்தான் கணக்கு என்று மேலே சொன்னேனே.

"துபாயில போய் இருந்தால் வரியே இல்லையாம். என்ர கூட்டாளி ஒருத்தன் போயிட்டான்."

போவது உங்கள் உரிமை. ஆனால் விமானம் ஏறினால் மட்டும் வரி விடாது. வருடத்தின் பெரும்பகுதி இங்கே நிற்கிறீர்களா, பதிவு இங்கே இருக்கிறதா, உங்கள் உறவும் குடும்பமும் எங்கே இருக்கிறது என்று பார்ப்பார்கள். இதில் ஒன்று இருந்தாலே போதும் (பதிவு மட்டும்தான் என்றால் இங்கே இல்லை என்று நீங்கள் நிரூபிக்க வேண்டும்), உலகம் முழுவதிலிருந்தும் வரும் வருமானத்துக்கு இத்தாலியில் வரி. 2024இலிருந்து நாட்களை எண்ணும்போது, ஒரு நாளில் கொஞ்ச நேரம் நின்றாலும் அது ஒரு நாள்.

இத்தாலியக் குடியுரிமை எடுத்த பிள்ளைகளுக்கு இன்னும் கடினம். அவர்கள் வெளிநாட்டில் குடியேறியதை ஐரே என்ற வெளிநாட்டு இத்தாலியர் பட்டியலில் பதிய வேண்டும். பதிந்தாலும் ஐக்கிய அரபு அமீரகம் 1999இல் வந்த வரிச் சலுகை நாடுகளின் பட்டியலில் இருப்பதால், உண்மையிலேயே அங்கேதான் வாழ்கிறேன் என்று நிரூபிப்பது உங்கள் பொறுப்பு. மனைவியும் பிள்ளையும் பலெர்மோவில், மாதம் ஒருமுறை மொந்தெல்லோ கடற்கரையில் வீடியோ என்று இருந்தால் அந்த நிரூபணம் நிற்காது. உங்கள் கூட்டாளி வீட்டை ஒப்படைத்து, குடும்பத்தோடு போய், அங்கே வாடகை ஒப்பந்தமும் மின்சார பில்லும் வைத்திருக்கிறானா என்று முதலில் கேட்டுப் பாருங்கள்.